வேண்டாம் என்று சொன்ன நான்கு அடுப்புகள்

கெட்ட செய்தி ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போடுகிறவர், கேட்க வேண்டியவருக்குச் சில நாட்களைக் கொடுக்கிறாரா, அல்லது அவரிடமிருந்து சில நாட்களை எடுத்துக்கொள்கிறாரா? கேன்டீன் அக்காவின் வாழ்க்கையில் எட்டு மாதங்கள் இந்தக் கேள்வியாகவே கழிந்தன. அவர் அதை இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஒரு சின்ன ட்ரெய்லருக்குள் எந்த அடுப்பை வைப்பது என்பதாகத்தான் அது அவரிடம் வந்து சேர்ந்தது.

பேருந்துப் பணிமனையில் ஷிப்ட் போடும் குமாஸ்தாவாக நான் இருந்த பத்தொன்பது வருடங்களும் மதியச் சாப்பாடு அவர் கையால்தான். பிரமாதமான சாப்பாடு என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளும் மோசமாக இருந்ததில்லை. பத்தொன்பது வருடம் என்னும்போது அது சின்ன விஷயம் இல்லை. தினமும் நானூறு பேர்: ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மெக்கானிக்குகள், வண்டி கழுவுகிறவர்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உப்பைக் கையால் அள்ளிப் போடுவார், ருசி பார்க்க மாட்டார். ஏன் என்று கேட்டால், "நாக்குக்கு ஜலதோஷம் புடிக்கும். கைக்குப் புடிக்காது" என்பார்.

அவருக்கு இரண்டு பேருக்குச் சமைக்க வராது. கல்யாணமான புதிதில் வீட்டில் வைத்த சூப்பை அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் பங்கு வைக்க வேண்டியிருந்ததாம். அளவைக் குறைக்கச் சொன்னதும் தண்ணீர் குறைந்தது, உப்பு குறையவில்லை. மூன்றாவது வாரம் கணவர் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு முப்பது வருடங்கள் அந்த வீட்டில் கணவர்தான் சமையல்.

கணவர் அதே பணிமனையில் ஓட்டுநர். நாற்பத்தேழாம் தடத்தில் இருபத்திரண்டு வருடம் ஓட்டியதால் பெயரே நாற்பத்தேழு ஆகிவிட்டது. அவருடைய மகள்கூட எங்களிடம் தொலைபேசியில், "நாற்பத்தேழு கிளம்பிட்டாரா?" என்றுதான் கேட்பாள். மெல்லிய உடம்பு, மெல்லிய குரல். ஊருக்கெல்லாம் சமைக்கிற மனைவிக்கு வீட்டில் சமைத்துப் போடுகிறவர் என்று நாங்கள் கேலி செய்தால் கோபமே வராது. "ஒரே ஒரு பயணி ஏறுற வண்டியை ஓட்டிப் பாருங்கடா. அப்பத் தெரியும். எல்லாப் புகாரும் ஒரே வாயிலேருந்து வரும்."

கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்ப வேண்டியிருக்காத ஒரு பாதையில் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஓய்வு பெற்ற மாதமே ஒரு பழைய வேனும், அதன் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் ஒரு ட்ரெய்லரும் வாங்கினார். ட்ரெய்லர் என்றால் வெறும் கூடு. இரண்டு சக்கரம், தகரச் சுவர், ஒரு கதவு, ஒரு ஜன்னல். உள்ளே படுக்கையும் சமையல் மூலையும் இனிமேல்தான் போட வேண்டும். நகரின் விளிம்பில் இருந்த ஒரு பட்டறையில் இரண்டையும் விட்டார். வேனுக்குக் கொக்கி பொருத்தி, பிரேக்கையும் விளக்கையும் ட்ரெய்லரோடு இணைக்க வேண்டியிருந்ததால் இரண்டும் ஒன்றாகத்தான் வெளியே வரும் என்றார் பட்டறைக்காரர். இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி இருக்கும்போதே அக்காவும் ராஜினாமா எழுதிக் கொடுத்தார்.

படுக்கை, ஜன்னல் திரை, விளக்கு எல்லாவற்றையும் நாற்பத்தேழு ஒரே நாளில் முடிவு செய்தார். அடுப்பை மட்டும் மனைவியிடம் விட்டார். சமைக்கப்போவது தானே என்றாலும், அடுப்பு விஷயத்தில் அவரை முந்திக்கொண்டு பேசுவது மரியாதையில்லை என்று அவருக்குப் பட்டது.

பட்டறைக்காரர் காதில் பென்சில் செருகிய, வாய் ஓயாத மனிதர். "வாங்கம்மா. நாலு விதம் வெச்சிருக்கேன். தொட்டுப் பாருங்க, கடிக்காது" என்று அக்காவை அழைத்துக்கொண்டு போனார்.

முதலாவது, வண்டியின் பின்பக்க மூடியை மேலே தூக்கிவிட்டு, மேசை இழுப்பறையைப் போல அடுப்பையும் தொட்டியையும் சின்னத் தண்டவாளத்தில் வெளியே இழுத்துக்கொள்வது. சமைப்பவர் வெளியே மண்ணில் நிற்க வேண்டும். "தூக்கின மூடியே கூரை. கடலைப் பார்த்துக்கிட்டு வெங்காயம் நறுக்கலாம். கண்ணுல தண்ணி வந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." இரண்டாவது, உள்ளே கதவை ஒட்டிய சுவரோரம் இரண்டு பர்னர் வைத்த கேஸ் அடுப்பு, பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி. மூன்றாவது, எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போய், நிறுத்துகிற இடத்தில் மடக்கு மேசை போட்டு விரிப்பது. நான்காவது, நெருப்பே இல்லாத மின் தட்டு. கூரைப் பலகையில் விழும் வெயில் பேட்டரியில் சேர்ந்து அதைச் சூடாக்கும்.

நாற்பத்தேழு முதலாவதை இழுப்பதும் உள்ளே தள்ளுவதுமாகவே இருந்தார். "சத்தத்தைக் கேட்டியா? புது பஸ்ஸோட கதவு மாதிரி."

"தண்டவாளத்துல எண்ணெய் தீரப் போவுது, விடுங்க" என்றார் அக்கா. அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. அடுத்த வாரம் வந்து முடிவாகச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை நாற்பத்தேழு இரண்டு முட்டையை அடித்து வாணலியில் ஊற்றினார். பாதி வாணலிக்கு இடதுபக்கம், அடுப்பின் மேல் விழுந்தது. "யாருப்பா இங்க ஊத்தினது?" என்று தானே சிரித்துக்கொண்டு துடைத்தார். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் கேன்டீன் சமையலறையில் ஒரு கட்டாயம் உண்டு. சுடுபாத்திரத்தோடு ஒருவர் முதுகுக்குப் பின்னால் போகிறவர் "பின்னாடி சூடு!" என்று கத்த வேண்டும். வீட்டிலும் அக்கா பழக்கத்தில் கத்துவார். அன்றைக்குச் சுடுதண்ணீரோடு போனது கணவரின் பின்னால் இல்லை, இடது தோளுக்குப் பக்கத்தில். பக்கத்தில் வருகிறவரைப் பார்க்க மாட்டாரா என்று கத்தவில்லை. நாற்பத்தேழு நேராகத் திரும்பி அவர்மேல் மோதினார். தண்ணீர் அக்காவின் மணிக்கட்டில் கொட்டியது.

"எங்கேருந்து வந்த நீ?"

"பக்கத்துலதான் நின்னேன்."

"பக்கத்துலயா?" என்றவர், கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். எரிச்சல் அடங்கும்வரை கையை விடவில்லை. அவருடைய கேள்வி மட்டும் அக்காவின் காதிலேயே நின்றது.

அடுத்த நான்கு நாட்கள் அக்கா அவருக்குத் தெரியாமல் அவரைச் சோதித்தார். நறுக்குப் பலகைக்கு இடதுபக்கம் ஒரு மஞ்சள் துணியை வைத்தார். அதே துணியைத் தேடி நாற்பத்தேழு வீடு முழுக்கச் சுற்றினார். அக்கா பக்கத்தில் நின்று தம்ளரை நீட்டினார். அவர் கை தம்ளருக்கு வரவில்லை. ஆனால் செய்தித்தாளின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படித்தார். தெருவின் கோடியில் நிற்கும் வண்டியின் எண்ணைச் சொன்னார். நேரே பார்த்தால் எல்லாம் தெரிந்தது. ஓரத்தில் எதுவும் இல்லை. இல்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

இத்தனை நாள் இது எப்படி யார் கண்ணிலும் படவில்லை என்று கேட்கலாம். அதில் எங்கள் பணிமனைக்குப் பங்கு உண்டு. வருடம் ஒருமுறை ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும். சுவரில் ஓர் எழுத்துப் பலகை. அந்தப் பலகையை மாற்றியதே இல்லை. வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவருக்குக் கடைசி இரண்டு வரியையும் ராகம் போட்டுச் சொல்லிக் கொடுப்பார். நல்ல கண் உள்ளவர்களும் மனப்பாடம் செய்தார்கள், செய்யாதவன் புதியவன். வண்டியே ஓட்டாத எனக்கும் அது இன்றைக்கும் வாயில் வரும். ஒவ்வொருவரும் பத்து வினாடியில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு வெளியே வந்தால், எந்த மருத்துவர் இன்னொரு முறை கண்ணுக்குள் பார்ப்பார்? நாங்கள் அதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வரும் ஆண்டில் நாற்பத்தேழின் உரிமம் முடிகிறது. அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பலகை இல்லை, கண் மருத்துவமனையில் முழுப் பரிசோதனை. அது அக்காவுக்குத் தெரியும். அதற்கு முன்பே ட்ரெய்லர் தயாராகிவிட்டால், மறுநாள் காலையிலேயே கணவர் வேனில் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்பதும் தெரியும். அடுப்பு முடிவாகாதவரை ட்ரெய்லர் வெளியே வராது. ட்ரெய்லர் வராதவரை வேனும் வராது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஏன் அவரிடமே சொல்லவில்லை என்பதற்கு அவர் மகளிடம் பிறகு சொன்ன காரணம் இது: "சொன்ன அன்னைக்கே அவர் கிழவன் ஆயிடுவார். கொஞ்ச நாள் போகட்டும்னு நெனச்சேன்." கண் என்றால் வயதானால் மங்கும், போனது போனதுதான், இன்று சொன்னாலும் அடுத்த வருடம் சொன்னாலும் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறார். பெரிய பாத்திரத்தில் சமைக்கிறவர்கள் அடிக்கடி மூடியைத் திறக்க மாட்டார்கள். அப்படி மூடியே வைத்திருக்கும்போது அடி பிடிப்பது மேலே தெரியாது என்பதும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அக்கா முதல் பழக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த வாரம் பட்டறையில் இழுப்பறை அடுப்பு வேண்டாம் என்றார்.

"போன வாரம் புடிச்சிருக்குன்னீங்களேம்மா?"

"மழை பெஞ்சா?"

"அதான் மூடி இருக்கே."

"சாஞ்சு பெஞ்சா?"

"சாஞ்சு பெஞ்சா நீங்களும் கொஞ்சம் சாஞ்சு நின்னுக்கணும்" என்றார் பட்டறைக்காரர். நாற்பத்தேழு விழுந்து விழுந்து சிரித்தார்.

சுவரோர அடுப்பை அளவெடுத்து, பலகை அறுத்து, நிறுத்திக் காட்ட ஆறு வாரம் ஆனது. அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, எண்ணெய் வாசம் மெத்தையில் ஏறும் என்றார். பெட்டி அடுப்புக்கு மேசைக்கால் ஆடுகிறது என்றார். "என் காலே ஆடுதும்மா, உங்களோட நடந்து நடந்து" என்றார் பட்டறைக்காரர். மின் தட்டுக்கு, மேகம் மூடினால் பட்டினியா என்று கேட்டார். தள்ளிப்போடத்தான் சொன்னார் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உண்மையான பயமும் இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டவாளத்தில் அவர் இடித்துக்கொள்வார். சுவரோர அடுப்பின் இடது பர்னர் அவர் கண்ணுக்கே வராது. மடக்கு மேசையைத் தட்டிவிடுவார். மின் தட்டு சூடாக இருக்கிறதா இல்லையா என்பது கண் உள்ளவர்களுக்கே தெரியாது. போகவே போகாத ஒரு பயணத்துக்காக, அந்தப் பயணத்தில் அவருக்கு எங்கெங்கே சுடும் என்று அக்கா கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்காரர் ஒரு நாள் நாற்பத்தேழைத் தனியாக அழைத்துப் போனார். "சார், வீட்டம்மா சமையல்காரங்கன்னு சொன்னீங்க. நீதிபதின்னு சொல்லலியே."

"முப்பது வருஷமா எனக்குத் தீர்ப்பு சொல்லிட்டுத்தான் இருக்காங்க. இதுக்கு மட்டும் வாய்தா மேல வாய்தா."

நாற்பத்தேழு சோர்ந்துபோகவில்லை. ட்ரெய்லரை அப்படியே சாக்கட்டியால் வீட்டுக் கூடத்தில் தரையில் வரைந்தார், அசல் அளவில். இது கதவு, இது மெத்தை, இது அடுப்பு வரக்கூடிய இடம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவளையும் கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்றார்.

"செருப்பைக் கழட்டிட்டு வா. புது மெத்தை."

"அப்பா, நாளைக்கு வீடு பெருக்கினா உங்க ட்ரெய்லர் குப்பைக்குப் போயிடும்."

"அதுக்குள்ள உங்கம்மா அடுப்பைச் சொல்லிடுவா" என்று சொல்லிக்கொண்டே, வாணலியைப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு நடந்து காட்டினார். நான்கு எட்டு வைத்ததும் இடதுபக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

"அப்பா, சுவரை இடிச்சிட்டுப் போறீங்க!" மகள் கைதட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார், எந்தக் கோட்டைத் தாண்டினார் என்று தெரியாமலே. அக்கா எழுந்து வந்து அந்தக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, சாக்கட்டியை வாங்கி, இரண்டு சாண் தள்ளிப் புதிதாக ஒரு கோடு போட்டார். எதற்கு என்று மகள் கேட்டதற்கு, அளவு தப்பு என்றார்.

ஏழாவது மாதம் நாற்பத்தேழு ஒரே ஒருமுறை கேட்டார். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த நேரம். முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்குப் போக இஷ்டமில்லேன்னா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"இஷ்டம்தான்."

"அப்புறம் என்ன?"

"அடுப்பு சரியா அமையலங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். தன்னோடு அவ்வளவு தூரம் வரப் பிடிக்காத ஒருத்தி, அதைச் சொல்லவும் மனசில்லாமல் இழுத்தடிக்கிறாள் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டாராம். அக்காவுக்கு அது புரிந்தது. உண்மையைச் சொல்வதைவிட அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இதற்காக அவரைப் பாராட்ட என்னால் முடியவில்லை. கண்டிக்கவும் முடியவில்லை.

எட்டாவது மாதம் உரிமத்துக்கான கடிதம் வந்தது. அக்கா துணைக்கு வருவதாகச் சொல்லியும், நாற்பத்தேழு தனியாகப் புறப்பட்டுப் போனார். திரும்பும் வழியில் பணிமனைக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். தேநீர் வரவழைத்தேன். குடிக்கவில்லை.

"பலகையே இல்லப்பா. ஒரு பெரிய கிண்ணம். அதுக்குள்ள தலைய விடச் சொன்னாங்க. சின்னச் சின்ன விளக்கு வரும், வந்தா பொத்தானை அமுக்குங்கன்னாங்க. நானும் காத்துக்கிட்டே இருக்கேன், காத்துக்கிட்டே இருக்கேன். எப்பவாவது நடுவுல ஒண்ணு வரும். கடைசில அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டேன், ஏம்மா, மெஷின் ரிப்பேரா, விளக்கே வரலியேன்னு. அது என் கையிலேருந்து பொத்தானை வாங்கி வெச்சுக்கிச்சு."

மறுநாள் நாற்பத்தேழு, அக்கா, மகள் மூன்று பேரும் கண் மருத்துவரிடம் போனார்கள். இளம் பெண், அவசரக்காரர், ஆனால் கடுமையானவர் இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பு செத்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார். "ரெண்டு கண்ணுலயும் ஓரம் முழுக்கப் போயிடுச்சு. நடுவுல ஒரு ஓட்டை வழியாத்தான் பார்க்கறீங்க. சொட்டு மருந்து தரேன். ஆனா இந்த நிலைமையில எவ்வளவு நாள் நிக்கும்னு சொல்ல முடியாது."

"வேற வழி?" என்றாள் மகள்.

"போனது வராது. ஒரு ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா இதைவிட நிறையப் பிடிச்சு வெச்சிருக்கலாம். வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

"எனக்கே தெரியல டாக்டர். அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் நாற்பத்தேழு, மனைவிக்கு வக்காலத்து வாங்குகிற குரலில்.

அக்கா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவரையே பார்த்தாள். அப்பாவை மருந்து வாங்கும் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, மாடிப்படியில் அம்மாவை நிறுத்தினாள்.

"உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"முட்டையைக் கீழ ஊத்தின அன்னைலேருந்து." அதற்குப் பிறகுதான் அந்தக் கொஞ்ச நாள் போகட்டும் என்ற பேச்சு. மகள் கேட்டு முடித்துவிட்டு, "நான் மருந்துக்கடையில இருக்கேம்மா. தினமும் நூறு பேருக்கு அந்தச் சொட்டு மருந்தை எடுத்துக் குடுக்கறேன்" என்றாள். பிறகு ஐந்தாறு மாதம் அம்மாவோடு பேசவில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை.

வேனை விற்றுவிடச் சொல்லிப் பட்டறைக்காரருக்குத் தகவல் போனது. ட்ரெய்லர் வெறும் கூடாகவே ஒரு மூலையில் நின்றது. வீட்டில் கேஸ் அடுப்பை மகள் எடுத்துவிட்டு மின் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். நாற்பத்தேழு ஒருமுறை அதில் உருளைக்கிழங்கு வேக வைத்தார். அணைத்துவிட்டதாக நினைத்து உள்ளங்கையை வைத்தார். அதோடு சமையலறைப் பக்கம் போவதை நிறுத்தினார். அக்கா சமைத்துப் பார்த்தார். இருபது பேருக்கு வந்தது. மூன்று நாள் அதையே சாப்பிட்டார்கள், நான்காம் நாள் கொட்டினார்கள். பிறகு மகள் வீட்டிலிருந்து டப்பாவில் வந்தது.

சொட்டு மருந்து தவறாமல் விட்டார்கள். இருந்தும் ஓட்டை சின்னதாகிக்கொண்டே போனது. வெயில் குறைந்த மாதங்களில் நான் போனபோது நாற்பத்தேழு தட்டின் விளிம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்துச் சாப்பிட்டார். முகத்தை நேராக என் பக்கம் திருப்பி, என் மூக்கை மட்டும் பார்த்து, "இளைச்சிட்டியேப்பா" என்றார். நான் இளைக்கவில்லை. அவருக்கு என் கன்னம் தெரியவில்லை. அன்றைக்குத்தான் மனைவியிடம், "அந்த ட்ரெய்லர் கூட்டைப் பட்டறைக்காரரையே எடுத்துக்கச் சொல்லிடு. எனக்கு அதை நெனச்சாலே மூச்சு முட்டுது" என்றார். அக்கா சரி என்றார்.

மறுநாள் அக்கா இரண்டு பேருந்து மாறிப் பட்டறைக்குத் தனியாகப் போனார். அங்கே நடந்ததைப் பட்டறைக்காரரே பின்னால் என்னிடம் சொன்னார். அந்த அம்மா எதையும் தொட்டுப் பார்க்கவில்லையாம். உட்காரவும் இல்லையாம்.

"சுவரோர அடுப்பைப் போட்டுடுங்க. கேஸ். ரெண்டு பர்னர்."

"அம்மா, சார் விஷயம் கேள்விப்பட்டேன். இனிமே யார் ஓட்டப் போறாங்க?"

"யாரும் ஓட்டல. எங்க கட்டடத்துக்குப் பின்னாடி சைக்கிள் கொட்டகைகிட்ட காலி இடம் இருக்கு. அங்க கொண்டுவந்து நிறுத்திடுங்க."

"நிறுத்தறதுன்னா நிறுத்திடலாம். ஆனா சமைக்கப் போறது யாரு?"

"அவர்தான்."

"அப்ப மின் தட்டு போடறேன். நெருப்பு இல்ல, பயம் இல்ல."

"நெருப்பு இருக்கணும்."

"அம்மா, நாலு அடுப்பை வேணாம்னு சொன்னவங்க நீங்க. இதையும் வேணாம்னு சொன்னீங்க, வாசம் ஏறும்னு."

"இப்ப வேணும்னு சொல்றேன்."

அவர் என்னைப்போலவே காரணம் கேட்கிற ஆள். எவ்வளவோ கேட்டுப் பார்த்திருக்கிறார். அக்கா எந்தக் குழாய் எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ட்ரெய்லர் ஒரு மாதத்தில் வந்தது. பட்டறைக்காரர் தன் வண்டியில் இழுத்து வந்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டுப் போனார். பார்க்க வந்த மகள், ஐந்தாறு மாதப் பேசாமையை அங்கேதான் முறித்தாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவருக்குச் சட்டைக் கை எங்க இருக்குன்னே தெரியாது. இதுல இவ்வளவு கிட்டக் கிட்ட ரெண்டு பர்னர். ஒரு தடவை பண்ணினது போதாதா உனக்கு?"

"மெதுவாப் பேசு. அவர் வரார்."

"அடுப்புப் பக்கமே போக வேணாம்னு டாக்டரே சொன்னாங்கம்மா!"

"கேட்டேன்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

நாற்பத்தேழு முதல் நாள் வாசலில் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய் அடுப்பைத் தடவிப் பார்த்தார். எந்தப் பர்னர் எங்கே, எந்தத் திருகு எதற்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சந்தோஷப்பட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் அவர் முகத்தில் இல்லை. வேலைக்குத் திரும்பக் கூப்பிட்ட ஆளைப்போல நின்றார். மறுநாள் சாயங்காலம் முட்டை வாங்கி வரச் சொன்னார்.

இப்போது தினமும் ஆறு மணிக்கு அங்கே போகிறார்கள். நாற்பத்தேழு சமைக்கிறார். சட்டைக் கை இரண்டு முறை கருகியிருக்கிறது. விரல்களில் எப்போதும் ஏதாவது ஒன்றில் கட்டு இருக்கும். நடுவில் இருக்கும் அந்த ஓட்டையும் இந்த வருடம் தாண்டாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா உதவிக்கு உள்ளே போவதில்லை; அவருக்கு எங்கெங்கே சுடும் என்று இப்போது கணக்கெடுப்பதும் இல்லை. கதவுப் படியில், அடுப்புக்கு முதுகைக் காட்டி, சைக்கிள் கொட்டகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முப்பது வருடம் நானூறு பேர் சாப்பாடு கொதிக்கும் அடுப்புக்கு ஒரு நிமிடம்கூட முதுகைக் காட்டாத மனுஷி.

போன வாரம் நான் போயிருந்தேன். உள்ளே நாற்பத்தேழு தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். ஏன் அக்கா இந்த அடுப்பு, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் படியில் கொஞ்சம் நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டார். உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்டது. நான் எழப்போனேன். அக்கா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை.